ஒரே சர்க்கரை, பல வயிறுகள்

தை பிறந்தால் கிள்ளையைச் சுற்றியுள்ள சம்பா வயல்களில் அறுப்பு தொடங்கிவிடும். கதிரடித்து முடிந்ததும் ஒரே நெற்பயிர் பல வழிகளில் பிரிந்து போகிறது. நெல் அரிசியாகி அடுப்புக்கு வருகிறது. வைக்கோல் போராக எழும்பி மாட்டுக்கு நிற்கிறது. தவிடும் கழுநீரும் மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. குருணையைக் கோழி கொத்துகிறது. இரவில் மிஞ்சிய சோற்றுக்கு வாசலில் நாய் காத்திருக்கிறது.

இந்தப் பங்கீடு பழக்கத்தால் வந்ததுபோல் தோன்றும். உண்மையில் இதை முடிவு செய்தவை அந்தந்த உயிரின் வயிறுகள். வைக்கோலை எவ்வளவு கொட்டினாலும் நாய் பட்டினியால் சாகும். சோற்றை அளவில்லாமல் வைத்தால் மாடு அந்தச் சோற்றாலேயே சாகும். ஒரே செடியின் இரண்டு பகுதிகள், ஒரே வீட்டில் வளரும் இரண்டு விலங்குகளுக்கு ஏன் இப்படி நேரெதிராக வேலை செய்கின்றன?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளக் கிள்ளை மிகப் பொருத்தமான ஊர். சிதம்பரத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் சில கிலோமீட்டருக்குள் வயல், உப்பங்கழி, பிச்சாவரம் சதுப்புக்காடு, முடசல் ஓடை மீன் இறங்குதளம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. சோறு தின்பது, புல் தின்பது, மீன் தின்பது, சேறு தின்பது, மரத்தையே தின்பது என்று எல்லா வகை வயிறுகளும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன.

ஒரு பிணைப்பின் வித்தியாசம்

சோற்றில் இருப்பது மாவுச்சத்து. வைக்கோலில் பெரும்பகுதி செல்லுலோஸ். இரண்டுமே குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையால் ஆனவை. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கைகோத்து நீண்ட தொடராக நிற்கின்றன. வித்தியாசம், அவை கைகோத்திருக்கும் விதத்தில் மட்டும் இருக்கிறது.

மாவுச்சத்தில் எல்லாக் குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து இணைகின்றன. இதை ஆல்ஃபா பிணைப்பு என்கிறார்கள். இப்படி இணைந்த தொடர் வளைந்து சுருள்கிறது. வேகவைத்தால் நீர் உள்ளே புகுந்து இளகுகிறது. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி இணைகிறது. இது பீட்டா பிணைப்பு. இந்தத் தொடர் சுருளாமல் நேராக நீள்கிறது. பல தொடர்கள் பக்கவாட்டில் நெருங்கி ஒட்டிக்கொண்டு கெட்டியான நாராகின்றன. வைக்கோலை நாள்முழுக்க வேகவைத்தாலும் அது சோறாகாததற்கு இதுவே காரணம். வைக்கோலில் லிக்னின் என்ற மரச்சத்தும் சிலிக்காவும் சேர்ந்து அந்த நாரை இன்னும் இறுக்குகின்றன.

செரிமானம் என்பது பெரிய மூலக்கூறுகளை, குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேரும் அளவுக்குச் சிறியதாக வெட்டுவது. வெட்டும் வேலையைச் செய்பவை நொதிகள். ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பிணைப்பை மட்டுமே வெட்டும். அமைலேஸ் என்ற நொதி ஆல்ஃபா பிணைப்பை நொடியில் வெட்டும். பீட்டா பிணைப்பை அதனால் தொடமுடியாது. பீட்டா பிணைப்பை வெட்ட செல்லுலேஸ் வேண்டும். மனிதன், நாய், மாடு, யானை, கோழி, மீன் என்று முதுகெலும்புள்ள எந்த விலங்கும் செல்லுலேஸைத் தானாகச் சுரப்பதில்லை. மாடும் அப்படித்தான்.

வயிற்றுக்குள் நடப்பது அரைப்பதா, கரைப்பதா என்பதே ஒரு காலத்தில் பெரிய விவாதமாக இருந்தது. 1752இல் பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் அதை ஒரு பருந்தை வைத்து ஆராய்ந்தார். செரிக்காத பொருளை வாய்வழியே கக்கிவிடுவது பருந்தின் இயல்பு. இரு முனையிலும் திறப்புள்ள சிறு உலோகக் குழாய்க்குள் இறைச்சியை அடைத்து அவர் பருந்துக்குக் கொடுத்தார். பருந்து குழாயைக் கக்கியபோது குழாய் நசுங்காமல் இருந்தது. உள்ளேயிருந்த இறைச்சி மட்டும் பாதி கரைந்திருந்தது. அரைக்க வழியில்லாத இடத்தில் இறைச்சி கரைந்தது என்றால், வயிற்றில் சுரக்கும் நீருக்கு உணவைச் சிதைக்கும் ஆற்றல் உண்டு என்று புரிந்தது. பின்னர் ரஷ்யாவின் பாவ்லோவ், செரிமான நீர்கள் எப்போது, எதனால், எவ்வளவு சுரக்கின்றன என்பதை நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1904இல் அவர் பெற்ற நோபல் பரிசு இந்தச் செரிமான ஆய்வுக்குத்தான்.

வாசலில் நிற்கும் நாய்

நாயின் வாயில் 42 பற்கள். முன்னால் நீண்ட கோரைப்பற்கள் இரையைப் பிடிக்க. கடைவாயில் ஒன்றையொன்று உரசி வெட்டும் கூரிய பற்கள் சதையைத் துண்டாக்க. மாடு அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் நகர்வதுபோல் நாயின் தாடை நகராது. அதனால் நாய் மெல்வதில்லை, வெட்டி விழுங்குகிறது. நாம் சோற்றை நன்றாக மென்றால் வாயிலேயே இனிக்கத் தொடங்கும். நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை அங்கேயே சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. நாயின் உமிழ்நீரில் அமைலேஸ் கிட்டத்தட்ட இல்லை.

நாயின் இரைப்பை நன்றாக விரியக்கூடியது. வேட்டையில் கிடைத்ததை ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டு, பிறகு நீண்ட நேரம் பசி தாங்கிய ஓநாயின் உடலமைப்பு அது. இரைப்பையில் சுரக்கும் கடுமையான அமிலம் எலும்பை இளக்குகிறது, அழுகத் தொடங்கிய இறைச்சியில் உள்ள கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. பெப்சின் என்ற நொதி புரதத்தை வெட்டுகிறது. அடுத்து சிறுகுடலில் கல்லீரலின் பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்க, கணையத்தின் நொதிகள் மிச்ச வேலையை முடிக்கின்றன. நடுத்தர உயரமுள்ள ஒரு நாயின் சிறுகுடல் 3 முதல் 4 மீட்டர். மாட்டுக்கு அது சுமார் 40 மீட்டர். இறைச்சி எளிதில் செரிப்பது. அதற்குக் குட்டையான குடல் போதும்.

இவ்வளவும் இறைச்சிக்கான ஏற்பாடு என்றால், நம் ஊர் நாய் சோறு தின்று வாழ்வது எப்படி? சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழு 2013இல் நேச்சர் இதழில் இதற்கு விடை தந்தது. 60 நாய்களின் மரபணுத் தொகுதியை 12 ஓநாய்களுடையதோடு ஒப்பிட்டார்கள். கணையத்தில் அமைலேஸைச் சுரக்கச் செய்யும் மரபணு ஓநாய்களிடம் 2 படிகள் மட்டுமே இருந்தது. நாய்களிடம் அது 4 முதல் 30 படிகள்வரை பெருகியிருந்தது. படிகள் பெருகினால் சுரப்பும் பெருகும். மாவுச்சத்தைக் கடைசிக் கட்டத்தில் குளுக்கோஸாக உடைப்பதற்கும் குடல் சுவர் வழியாக உறிஞ்சுவதற்கும் உள்ள மரபணுக்களும் மாறியிருந்தன.

உழவு தொடங்கிய மனிதக் குடியிருப்புகளின் ஓரத்தில், சிந்திய தானியத்தையும் மிஞ்சிய கஞ்சியையும் தின்று பிழைத்தவை பெருகின; செரிக்க முடியாதவை குறைந்தன. தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வு நாயின் கணையத்தில் பதிந்துவிட்டது. குறைந்தது 3,500 ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குப் போய், உழவரோடு வாழாமல் காட்டில் வேட்டையாடிய டிங்கோ நாய்களுக்கு இன்றும் ஓநாயைப்போல் 2 படிகளே உள்ளன. மனிதரிலும் இதே கதை நடந்திருக்கிறது. மாவுச்சத்து அதிகம் உண்ட மக்கள் கூட்டங்களுக்கு உமிழ்நீர் அமைலேஸ் மரபணுவின் படிகள் சராசரியாகக் கூடுதல் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. சோறு நம்மையும் நம் நாயையும் சேர்த்தே மாற்றியிருக்கிறது.

முடசல் ஓடையில் மீன் இறங்கும் நேரத்தில் நாயோடு பூனையும் வந்து நிற்கும். பூனை இந்த வழியில் வரவில்லை. இனிப்பை உணரும் ஏற்பியின் மரபணு பூனையில் செயலிழந்துவிட்டது. காரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை நாயின் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்தையும் போதுமான அளவு அது தானே செய்துகொள்ளாது. மீனிலோ இறைச்சியிலோ இருந்துதான் கிடைக்க வேண்டும். பூனைக்கு மீன் இல்லாத சோறு வைப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

நாய்க்கும் எல்லை உண்டு. வெறும் சோறு அதற்குப் போதாது. முட்டையோ மீனோ இறைச்சியோ சேர வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைத்து இரத்தசோகை உண்டாக்கும். வெங்காயம் நிறையப் போட்ட குழம்பைச் சோற்றில் பிசைந்து அன்றாடம் வைப்பது தவறு. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நம் உடலில் விரைவாகக் கழிந்துவிடுகிறது. நாயின் உடலில் நெடுநேரம் தங்கி இதயத்தைப் பாதிக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

மாடு யாருக்குத் தீனி போடுகிறது

செல்லுலேஸ் இல்லாத மாடு வைக்கோலில் வாழ்வதற்குக் காரணம் அதன் முன்வயிறு. மாடு, எருமை, ஆடு, மான் எல்லாவற்றுக்கும் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையான ரூமன் மிகப் பெரியது. வளர்ந்த மாட்டில் அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். வயிற்றின் இடப்பக்கம் முழுவதையும் அடைத்திருக்கும். அங்கே நொதி எதுவும் சுரப்பதில்லை. காற்றில்லாத, கதகதப்பான, ஈரமான அந்த அறையில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அங்குள்ள நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடியளவில் பாக்டீரியாக்கள், லட்சக்கணக்கில் ஒருசெல் உயிரிகள், கூடவே பூஞ்சைகள். பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி இவற்றிடம் இருக்கிறது. இரவில் ஆட்டிவைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்பதும் ரூமனில் வைக்கோல் சிதைவதும் ஒரே வகை வேலை: நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் உணவைப் புளிக்கவைக்கின்றன.

காற்றில் உயிரோடு இருக்க முடியாத இந்த நுண்ணுயிர்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வழியைக் கண்டவர் அமெரிக்காவின் ராபர்ட் ஹங்கேட். ரூமனில் பூஞ்சை உண்டு என்பதை 1975இல் கோலின் ஆர்பின் உறுதிப்படுத்தும்வரை, காற்றில்லாமல் பூஞ்சை வாழும் என்றே யாரும் எண்ணவில்லை. லிக்னின் இறுக்கிய நாரை முதலில் பிளந்து பாக்டீரியாவுக்கு வழிவிடுவதில் அந்தப் பூஞ்சைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நுண்ணுயிர்களுக்கு வேலை எளிதாக, மாடு நாளில் எட்டு மணி நேரம்வரை அசைபோடுகிறது. விழுங்கிய தீனியை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்ல மெல்லத் துண்டுகள் சிறிதாகி, நுண்ணுயிர் ஒட்ட இடம் கூடுகிறது. பெரிய கறவை மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும். அதில் உள்ள பைகார்பனேட், ரூமனில் உருவாகும் அமிலத்தை அவ்வப்போது தணிக்கிறது.

வெட்டிய குளுக்கோஸை நுண்ணுயிர்கள் மாட்டுக்குக் கொடுப்பதில்லை, தாங்களே உண்டுவிடுகின்றன. அவை வெளியேற்றும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களே மாட்டுக்குக் கிடைக்கின்றன. ரூமன் சுவர் அவற்றை உறிஞ்சுகிறது. மாட்டின் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால்பங்கு இந்த அமிலங்களிலிருந்து வருகிறது. பாலில் உள்ள கொழுப்பின் ஒரு பகுதியும் இதிலிருந்தே உருவாகிறது. கூடவே மீத்தேன் வாயு பிறந்து ஏப்பமாக வெளியேறுகிறது. ஒரு மாடு நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர்வரை விடும். பூமி சூடேறுவதில் மாட்டின் பங்கு பேசப்படுவது இதனால்தான்.

பெருகிய நுண்ணுயிர்கள் தீனியோடு அடுத்த அறைகளுக்குத் தள்ளப்படுகின்றன. நான்காவது அறையான அபோமேசம்தான் நம் இரைப்பையை ஒத்தது. அங்கே அமிலமும் பெப்சினும் நுண்ணுயிர்களையே செரிக்கின்றன. நம் கண்ணீரில் கிருமியை அழிக்கச் சுரக்கும் லைசோசைம் என்ற நொதி, மாட்டின் இந்த அறையில் பாக்டீரியாவை உடைத்துச் சத்தெடுப்பதற்காகவே சுரக்கிறது. இலை தின்னும் ஹனுமான் குரங்கும் முன்வயிற்றில் நுண்ணுயிரை வளர்க்கிறது. அதன் லைசோசைமும் மாட்டினுடையதைப்போலவே மாறியிருப்பதை 1987இல் கண்டறிந்தார்கள். உறவில்லாத இரண்டு விலங்குகள் ஒரே தேவைக்கு ஒரே தீர்வை எட்டியிருக்கின்றன.

மாட்டின் புரதத் தேவைக்கும் இதுவே வழி. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. உடலில் உண்டாகும் யூரியாவின் ஒரு பகுதியை மாடு சிறுநீரில் விட்டுவிடாமல் உமிழ்நீர் வழியாக ரூமனுக்கே திருப்புகிறது. நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் செய்கின்றன. மாடு அந்த நுண்ணுயிர்களைச் செரித்துப் பாலாக்குகிறது. வைக்கோல் போடும்போது நாம் நேரடியாக மாட்டுக்குத் தீனி போடவில்லை. மாட்டுக்குள் வாழும் அந்த நுண்ணுயிர்களுக்குப் போடுகிறோம்.

கன்று பிறக்கும்போது ரூமன் சிறியது, வேலை செய்யாதது. உறிஞ்சும் பால், ஒரு மடிப்புவழியாக ரூமனைத் தவிர்த்து நேரே நான்காம் அறைக்குப் போகிறது. தாய் நக்குவதிலும் தீனியிலும் தொழுவத்திலும் இருந்து நுண்ணுயிர்கள் வந்து சேர்கின்றன. புல்லையும் வைக்கோலையும் கடிக்கத் தொடங்கிய பிறகே ரூமன் வளர்கிறது. சில வாரக் கன்றுக்குப் புல்லைத் தின்னப் பழக்குவது அதன் வயிற்றையே உருவாக்கும் வேலை.

மாட்டுப் பொங்கலன்று

இந்த ஏற்பாடு மெதுவாக எரியும் நெருப்பை நம்பி அமைந்தது. நார்ச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நிதானமாகப் பெருகுபவை. திடீரென்று கிலோக்கணக்கில் சோறோ பொங்கலோ ரூமனுக்குள் விழுந்தால், மாவுச்சத்தை உண்ணும் வேறு வகை பாக்டீரியாக்கள் மணிக்கணக்கில் பன்மடங்காகின்றன. அவை லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. வழக்கமாக 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும் கார அமில அளவு 5க்கும் கீழே இறங்குகிறது. நார் உண்ணும் நுண்ணுயிர்கள் சாகின்றன. ரூமன் அசைவை நிறுத்துகிறது. அமிலத்தை நோக்கி உடலின் நீரெல்லாம் ரூமனுக்குள் இழுக்கப்பட, இரத்தம் கெட்டிப்படுகிறது. அமிலம் இரத்தத்திலும் ஏறுகிறது. ஓரிரு நாளில் மாடு செத்துவிடலாம்.

ஆண்டுதோறும் தை மாதத்தில் கால்நடை மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று ஒரே மாட்டுக்கு வீட்டில் உள்ளவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வழிப்போக்கர் என்று ஆளாளுக்குப் பொங்கல் ஊட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டின் முன் கவிழ்ப்பதும் அன்பினால் செய்வது. நெற்களத்தில் அவிழ்ந்து போய் நெல்லை வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்கும் இதே கதி. அசைபோடுவதை நிறுத்துவது, தீனி தொடாமல் நிற்பது, இடவயிறு உப்புவது, புளித்த வாடையோடு கழிவது, நடை தள்ளாடுவது எல்லாம் அடையாளங்கள். அப்போது காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

பொங்கலை ஒரு கைப்பிடி ஊட்டலாம். மாட்டுக்கு உண்மையான விருந்து பசுந்தீவனமும் நல்ல வைக்கோலும்தான். தீனியை மாற்றுவதாக இருந்தாலும் நாலைந்து நாளில் ஒரேயடியாக மாற்றக்கூடாது; இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும்.

சதுப்புக்காட்டின் இரண்டு இலைகள்

கிள்ளைக்குத் தெற்கே விரியும் பிச்சாவரம் சதுப்புக்காடு 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதில் வெண்கண்டலும் சுரபுன்னையும் முக்கிய மரங்கள். வெண்கண்டல் இலை உள்ளே வந்த உப்பைச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது, நக்கினால் கரிக்கும். ஆடு மாடுகளும் எருமைகளும் இந்த இலையை விரும்பித் தின்கின்றன. குஜராத்தின் கட்ச் கரையில் காராய் ஒட்டகங்கள் கடல்நீரில் நீந்திப்போய்த் தின்பதும் இதே மரத்தைத்தான். சுரபுன்னையை அவை பெரும்பாலும் விட்டுவிடும். அதன் இலையில் டானின் மிகுதி. துவர்க்கும் இந்தப் பொருள் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ளது. நொதிகளும் புரதங்களே. ரூமனில் உள்ள நுண்ணுயிர்களின் நொதிகளையே டானின் முடக்கிவிடும்.

வெண்கண்டல் கன்றுகளை மாடு மேய்ந்துவிடுவதால் காடு தழைக்காது என்ற குற்றச்சாட்டு நீண்ட காலமாக உண்டு. மேய்ச்சலுக்கு அதில் பங்கு இருக்கிறது. ஆனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்தில் ஆராய்ந்தபோது பெரிய காரணம் வேறு என்று தெரிந்தது. முந்தைய காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை முழுவதும் வெட்டியதால் நிலம் காய்ந்து தாழ்ந்து, அங்கே தேங்கிய நீர் வற்றி உப்பு ஏறி, புதிய கன்று முளைக்க முடியாமல் போயிருந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி அலைநீர் உள்ளே வந்துபோக வழிசெய்த பிறகு அந்த இடங்களில் காடு மீண்டும் வளர்ந்தது.

மாடு விட்டுவைத்த சுரபுன்னை இலை பழுத்துச் சேற்றில் விழும்போது அதற்கு வேறொரு வயிறு காத்திருக்கிறது. கண்டல்காட்டின் சிறு நண்டுகள் அந்த இலையைப் பிடித்து வளைக்குள் இழுக்கின்றன. நண்டுக்கு வாயில் பல் கிடையாது. வயிற்றுக்குள் மூன்று பற்கள் உண்டு. மேலே ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக நிற்கும் அவை விழுங்கியதை அரைக்கின்றன. நண்டு ஓடு கழற்றும்போது இந்தப் பற்களையும் வயிற்றின் உள்தோலோடு சேர்த்துக் கழற்றிவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. முதுகெலும்பில்லாத விலங்குகளில் சில செல்லுலேஸைத் தாமே சுரக்கின்றன. இலை தின்னும் நண்டுகளிலும் அப்படிப்பட்டவை உண்டு.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கண்டல்காட்டில் உதிரும் இலைகளில் கால்பங்குக்கு மேல் நண்டுகளே எடுத்துக்கொள்வதாக அளந்திருக்கிறார்கள். நண்டு இல்லாவிட்டால் அந்த இலைகளை வற்றுநீர் கடலுக்கு அடித்துச் சென்றுவிடும். நண்டு தின்று கழித்த பிறகு அது பொடியாகச் சேற்றிலேயே தங்குகிறது. அந்தப் பொடியின்மேல் பாக்டீரியா படர்கிறது. அதை இறால் குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் உண்கின்றன.

மரத்தையே தின்னும் உயிரும் இந்தக் கழியில் உண்டு. படகுப் பலகையையும் செத்த கண்டல் கட்டைகளையும் துளைக்கும் கப்பல்புழு, புழுவைப்போல் நீண்டிருந்தாலும் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. மரத்தைச் செரிக்கும் பாக்டீரியாவை அது குடலில் வைத்திருக்கவில்லை, செவுளில் வைத்திருக்கிறது. அங்கே உண்டாகும் நொதிகள் குடலுக்கு வந்து மரத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அதே பாக்டீரியா நைட்ரஜனையும் பிடித்துக் கொடுப்பதால், புரதம் மிகக் குறைந்த மரத்தைத் தின்று அது உடல் வளர்க்கிறது. மீனவர் மரப் படகை அவ்வப்போது கரையேற்றிக் காயவைத்து எண்ணெய் பூசுவது இந்தச் செரிமானத்துக்கு எதிராகத்தான்.

மீன் ஆயும் இடத்தில்

செரிமானத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மீன் ஆயும் இடத்தில் நின்றால் போதும். கொடுவா பிற மீன்களையும் இறாலையும் விழுங்குவது. அதை அறுத்தால் விரியும் இரைப்பையும் குட்டையான குடலும் இருக்கும். இரைப்பையில் சில சமயம் முழு மீனே கிடக்கும். மடவை சேற்றின் மேற்பரப்பில் படியும் பாசியையும் மக்கிய இலைத்துகளையும் உறிஞ்சுவது. அதன் வயிற்றில் கையில் உருளும் கெட்டியான தசைக்குமிழ் ஒன்று அகப்படும். கோழிக்கு இருக்கும் அரைவைப்பையின் வேலையைச் செய்வது அது. சேற்றோடு வந்த மணலே அரைக்கும் கல்லாகிறது. பக்கத்தில் சுருண்டு கிடக்கும் குடலைப் பிரித்தால் மீனின் நீளத்தைப்போல் பல மடங்கு நீளும். ஒரே கழியில், ஒரே வலையில் பிடிபட்ட இரண்டு மீன்கள். அவை எதைத் தின்று வாழ்ந்தன என்பதைக் குடலின் நீளமே சொல்லிவிடும்.

பிச்சாவரத்துக் கழிகளில் இருளர் மக்கள் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இறாலைச் சுத்தம் செய்யும்போது முதுகைக் கீறி எடுக்கும் கறுப்பு நரம்பு அதன் குடல். கறுப்பாக இருப்பது அது தின்ற சேறும் இலைத்துகளும். சுரபுன்னை இலையிலிருந்து நண்டுக்கும், நண்டின் கழிவிலிருந்து பாக்டீரியாவுக்கும், அதிலிருந்து இறாலுக்கும், இறாலிலிருந்து கொடுவாவுக்கும், ஆய்ந்து எறிந்த கொடுவாக் குடலிலிருந்து கரையில் நிற்கும் நாய்க்கும் அதே சர்க்கரை கைமாறிப் போகிறது. பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கரையில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் பல தலைமுறையாக இந்தக் கழிகளின் உயிர்களை ஆராய்ந்துவருகிறது.

எந்த வயிறும் அவிழ்க்காத பிணைப்பு

ஆல்ஃபா பிணைப்புக்கு நாய், பீட்டா பிணைப்புக்கு மாட்டின் நுண்ணுயிர், துவர்ப்பேறிய இலைக்கு நண்டு, மரக்கட்டைக்குக் கப்பல்புழு என்று இயற்கை கட்டிய ஒவ்வொரு பிணைப்புக்கும் கிள்ளையில் ஒரு வயிறு இருக்கிறது. நாம் கொண்டுவந்து போட்ட பாலித்தீனின் கார்பன் தொடருக்கு இந்த வயிறுகளில் ஒன்றும் இல்லை.

மாடு உணவைப் பார்த்துப் பொறுக்கி உண்பதில்லை. நாக்கால் வளைத்து இழுத்து விழுங்கும். சோறும் காய்த்தோலும் கட்டிய பிளாஸ்டிக் பை அப்படியே ரூமனுக்குப் போகிறது. நாய்க்கு ஒவ்வாதது உள்ளே போனால் பெரும்பாலும் கக்கிவிடும். மாட்டால் அப்படிக் கக்க முடியாது. பைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பந்தாகி, அடுத்த அறைக்குப் போகும் வாயை அடைக்கின்றன. தீனிக்கு இடம் குறைந்து, வயிறு நிறைந்திருந்தும் மாடு மெலிகிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றை அறுவை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை நடப்பில் இருந்தது.

பிச்சாவரத்துக்குப் படகேற வருகிறவர்களும், மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளின் தீர்த்தவாரியைத் தரிசிக்கக் கிள்ளைக் கடற்கரைக்குத் திரள்கிறவர்களும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருகிறார்கள். வாழையிலையில் கட்டியது என்றால் இலையை மாடு தின்னும், மிச்சச் சோற்றை நாய் தின்னும், மண்ணில் விழுந்ததை நண்டு இழுத்துப்போகும். பிளாஸ்டிக் பையில் கட்டியது என்றால் அந்தச் சோறே மாட்டின் வயிற்றுக்குள் பையைக் கொண்டுசேர்க்கும் தூண்டிலாகிவிடும்.

விலங்குக்குச் சோறிடுவது நம் ஊரின் நல்ல வழக்கம். அந்த வழக்கம் உயிரைக் காக்க வேண்டுமானால், எதைக் கொடுக்கிறோம் என்பதோடு எந்த வயிற்றுக்குக் கொடுக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மிஞ்சிய சோறு நாய்க்கும் கோழிக்கும் போகட்டும். மாட்டுக்கு வைக்கோலும் புல்லும் போகட்டும். கட்டிவரும் பையை மட்டும் நாமே வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்வோம்.